பைபர் படகின் தளம் இற்றுப் போனால்...

(வானொலிப் பண்ணைப் பேச்சு)

வயலோடு ஒரு படகையும் வைத்துக் காலம் தள்ளுகிற குடும்பங்கள் நம் கரையோரத்தில் நிறைய உண்டு. கழிமுகத்தில் வலை போடுகிறவர்கள், இறால் குட்டைக்குத் தீவனம் கொண்டு போகிறவர்கள், கடலுக்கே போகிறவர்கள் எனப் பலர். இவர்களில் பெரும்பாலோர் கையில் இன்று இருப்பது பைபர் படகு. அந்தப் படகு பழசாகித் தளம் அமுங்க ஆரம்பித்தால் என்ன செய்வது, எப்படிச் சீர் செய்வது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

முன்பெல்லாம் கட்டுமரமும் மரவள்ளமும்தான். ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-ல் தொடங்கியது. மணற்கரையில் இழுத்து ஏற்றக்கூடிய பைபர் படகுகளை அந்தத் திட்டத்தில் 1980-களில் செய்து பார்த்தார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு அரசும் தொண்டு நிறுவனங்களும் கொடுத்த படகுகளில் மிகப் பல பைபர் படகுகளே. அந்தச் சமயத்தில் வந்த படகு இன்னும் உங்கள் கரையில் கிடந்தால், அதற்கு 20 வயது தாண்டிவிட்டது என்று அர்த்தம். உள்ளே என்ன நிலைமை என்று பார்த்தே ஆக வேண்டிய வயது அது.

பைபர் மக்காது, உள்ளே இருப்பது மக்கும்

‘பைபர்தானே, அதுக்கு ஏது அழிவு?’ன்னு சிலர் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை. கண்ணாடி இழையை ரெசினில் ஊறவைத்து இறுகச் செய்ததுதான் பைபர். அது மக்காது, கரையான் அரிக்காது. ஆனால் படகு வெறும் பைபர் ஓடு மட்டுமல்லவே! அடியின் உள்பக்கத்தில் நீளவாக்கில் சட்டங்கள் ஓடுகின்றன. குறுக்கே வங்குகள் நிற்கின்றன. இவற்றின் மேல்தான் தளம் உட்கார்ந்திருக்கிறது. பல படகுகளில் இந்தச் சட்டங்களுக்குள் மரம் இருக்கிறது, அதைச் சுற்றி பைபர் போர்த்தியிருக்கிறது. தளமும் பிளைவுட்டின் மேல் பைபர் பூசியதாகவே இருக்கும். தளத்துக்கும் அடிக்கும் நடுவில் மிதப்புக்காக ஃபோம் அடைத்திருப்பார்கள்.

ஓட்டு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். மேலே ஓடு நன்றாகத்தான் இருக்கும். உள்ளே உத்தரமும் கைமரமும் இற்றுப் போனால் வீடு நிற்குமா? படகுக்கும் அதே கதைதான்.

தண்ணீர் எங்கே இருந்து உள்ளே போகிறது? தளத்தில் அடித்த திருகாணித் துளை வழியாகவும், நங்கூரம் விழுந்து பட்ட வெடிப்பு வழியாகவும், என்ஜின் போல்ட் ஓரமாகவும் போகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் மரத்துக்குப் பெரிய எதிரி. மரத்தை மக்க வைப்பது பூஞ்சாணம். உப்பு மீனைக் காப்பது போல மரத்தையும் அந்தப் பூஞ்சாணத்திடமிருந்து ஓரளவு காக்கிறது. மழைத் தண்ணீருக்கு அந்தக் குணம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துக்கொண்டு கரையில் மூடாமல் கிடக்கும் படகு, தினமும் கடலுக்குப் போய் வருகிற படகைவிடச் சீக்கிரம் கெடுவது இதனால்தான்.

இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது

தளம் கொஞ்சம் அமுங்கினால் என்ன, மேலே ஒரு பலகையைப் போட்டு அடித்துவிட்டால் போச்சு என்று நினைக்கக் கூடாது. தளம் அமுங்குவது வெளியில் தெரியும் அறிகுறிதான். அதைத் தாங்குகிற சட்டம் விட்டுப் போயிருக்கலாம். சட்டம் விட்டால் ஒவ்வொரு அலைக்கும் அடிப்பாகம் உள்ளும் வெளியுமாக நெளியும். நெளிந்து நெளிந்து ஒருநாள் வெடிக்கும். அந்த நாள் நீங்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி இருக்கிற நாளாக இருந்தால்?

ஃபோம் விஷயமும் அப்படித்தான். அது 100 லிட்டர் தண்ணீரைக் குடித்திருந்தால், இரண்டு நெல் மூட்டைக்குச் சமமான 100 கிலோ பாரத்தை நீங்கள் அறியாமலே தினமும் சுமந்து போகிறீர்கள். டீசல் கூடுதலாகக் குடிக்கும், படகு தாழ்ந்து ஓடும். அதைவிட முக்கியம், படகு கவிழ்ந்து தண்ணீர் நிரம்பினால் உங்களை மிதக்க வைக்க வேண்டிய ஃபோம் அந்த நேரத்தில் கைவிட்டுவிடும்.

முதலில் சோதனை

படகைக் கரையேற்றி, எல்லாச் சாமானையும் இறக்கிவிடுங்கள். ஒரு சின்னச் சுத்தியலின் கைப்பிடியால் தளம் முழுவதையும் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் ‘டங்’கென்று கெட்டியாகக் கேட்கும். இற்ற இடம் ‘பொத்’தென்று சத்தம் செத்துக் கேட்கும். பலாப்பழத்தைத் தட்டிப் பதம் பார்க்கிற உங்கள் காதுக்கு இது பெரிய வித்தையில்லை. கெட்ட இடத்தைச் சாக்கட்டியால் வட்டம் போட்டுக் கொள்ளுங்கள்.

பிறகு சந்தேகமான இடங்களில் சிறிய துளை போட்டு, துரப்பணத்தோடு வரும் தூளைப் பாருங்கள். வெளிறிய, உலர்ந்த தூள் வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. கறுத்து, ஈரமாய், மக்கிய வாடையோடு வந்தால் மரம் போய்விட்டது. நீளச் சட்டங்களையும், என்ஜின் உட்காரும் இடத்தையும், பின்பலகையையும் இப்படியே பார்க்க வேண்டும். பின்பலகையில் என்ஜின் மாட்டுகிற படகாக இருந்தால், என்ஜினைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பலகை கூடவே ஆடினால் அதன் உள்மரமும் இற்றிருக்கிறது.

அடியின் வெளி ஓடே பல இடங்களில் குறுக்கே வெடித்திருந்தால், அல்லது நின்று பார்க்கும்போது படகின் முதுகு வளைந்து தெரிந்தால், பணத்தைக் கொட்டுவதற்கு முன் அனுபவமுள்ள படகு கட்டுமிடத்தில் காட்டி யோசனை கேளுங்கள். அடி ஓடு உறுதியாக இருக்கிற படகுதான் சீர் செய்யத் தக்கது.

எப்போது செய்வது?

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். மழை இல்லை, வெயிலும் கடுமையில்லை. ரெசின் வேலைக்கு ஈரம் ஆகாது, உச்சி வெயிலும் ஆகாது. கீற்றுப் பந்தல் போட்டு நிழலில் செய்யுங்கள். காற்றோட்டம் அவசியம் இருக்க வேண்டும்.

தளத்தை வெட்டும் முன்

படகு மணலில் கோணலாகக் கிடக்கும்போது தளத்தை எடுத்துவிட்டால், அதே கோணலில் அது நின்றுவிடும். அதனால் அடிக்கட்டை நெடுகிலும் மணல் மூட்டை, மரக்கட்டை வைத்து, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, நூல் பிடித்து நேராக நிறுத்துங்கள். உள்ளே குறுக்கே இரண்டு மூன்று இடங்களில் மரம் வைத்து அகலம் மாறாமல் கட்டிக் கொள்ளுங்கள்.

தளத்தை ஓரத்தோடு ஒட்ட வெட்ட வேண்டாம். பக்கச் சுவரிலிருந்து 2 அங்குலம் விட்டு வெட்டினால், அந்த விளிம்பு புதுத் தளத்துக்கு அளவு காட்டும். வெட்டும் கத்தியின் ஆழம் தளத்தின் கனத்துக்கு மேல் போகக் கூடாது. கொஞ்சம் தவறினால் அடி ஓட்டையே கீறிவிடும்.

தளம் வந்ததும் நனைந்த ஃபோமை மண்வெட்டியால் வெட்டி எடுங்கள். ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டினால் மிச்சம் வைக்க வேண்டாம், வழித்து எடுத்துவிடுங்கள்.

சட்டங்களை எல்லாம் ஒரேயடியாகப் பிடுங்கிவிடாதீர்கள். ஒவ்வொன்றின் உயரத்தையும் இடத்தையும் அட்டையில் வெட்டி அளவு எடுத்துக்கொண்டு, ஒன்றை எடுத்து, அதை மாற்றி முடித்த பிறகு அடுத்ததுக்குப் போங்கள். வீட்டுத் தூண்களை ஒவ்வொன்றாக மாற்றுகிற மாதிரிதான்.

காய்வதுதான் பாதி வேலை

அவசரப்படுகிறவர்கள் கெடுத்துக் கொள்கிற இடம் இது. அடி ஓட்டை நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கி, பந்தலின் கீழே காற்றாடக் காயவிட வேண்டும். ஒரு சதுர அடி பாலித்தீன் தாளை ஓரமெல்லாம் நாடா ஒட்டி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் தாளின் அடியில் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வியர்வை நிற்கிற வரைக்கும் பொறுக்க வேண்டும்.

காய்ந்ததும் புதுப் பூச்சு ஒட்ட வேண்டிய இடத்தையெல்லாம் கிரைண்டரில் முரட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பெயிண்ட், எண்ணெய், பழைய மெழுகுப் பளபளப்பு எல்லாம் போய், மங்கலான கண்ணாடி இழை தெரிய வேண்டும். பளபளப்பு இருக்கிற இடத்தில் புதுசு ஒட்டாது, உரித்தால் வந்துவிடும். கடைசியாக அசிட்டோன் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துக் கொள்ளுங்கள்.

அடி ஓட்டில் வெடிப்பு இருந்தால் அதன் மேல் நேராகப் பூசக் கூடாது. ஓரங்களை 1-க்கு 12 என்ற சரிவில் தேய்க்க வேண்டும். ஓடு 6 மில்லிமீட்டர் கனம் என்றால், வெடிப்பின் இரண்டு பக்கமும் 72 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சரிவு வர வேண்டும். அப்போதுதான் புதுசும் பழசும் ஒன்றாகப் பிணைந்து பாரம் தாங்கும்.

ரெசின் கலவை: உயிரோடு விளையாட வேண்டாம்

இங்கே கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கடையில் ரெசினோடு இரண்டு சின்ன பாட்டில் கொடுப்பார்கள். ஒன்று ஆக்சிலரேட்டர், ஊதா நிறம். இன்னொன்று கேட்டலிஸ்ட், தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும். இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் ஆக்சிலரேட்டரை டப்பாவில் போட்டிருக்கிற அளவுப்படி ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கி முடித்துவிடுங்கள். அதன் பிறகுதான், பூசுவதற்குச் சற்று முன்பாக, கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். சில ரெசினில் ஆக்சிலரேட்டர் முன்பே கலந்திருக்கும். வாங்கும்போதே கேட்டுக் கொள்ளுங்கள்.

கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். பட்டுவிட்டால் 15 நிமிஷம் விடாமல் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்ணீர் மாதிரியே இருப்பதால், சோடா பாட்டிலிலோ குடிதண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாத, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பந்தலுக்குள் பீடி, சிகரெட் கூடாது.

கேட்டலிஸ்ட் அளவு ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி. நம் ஊர்ச் சூட்டுக்கு 10-லிருந்து 15 மில்லி போதும். 10-க்குக் கீழே குறைத்தால் சரியாக இறுகாது. பூச்சிமருந்துக்கு அளவுக் குப்பி வைத்திருப்பது போல இதற்கும் தனிக் குப்பி வேண்டும், கண் மதிப்பில் ஊற்றக் கூடாது. முதலில் 100 கிராம் மட்டும் கலந்து பாருங்கள். 20 முதல் 30 நிமிஷத்தில் கெட்டிப்பட ஆரம்பித்தால் அளவு சரி. ஒரே வாளியில் நிறையக் கலந்து வைத்தால் தானாகச் சூடேறிப் புகையும். ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம்.

தேய்க்கும்போது பறக்கிற கண்ணாடித் தூள் நெஞ்சுக்கும் ஆகாது, தோலுக்கும் ஆகாது. மூக்குக்கு நல்ல முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை கட்டாயம். வெறும் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது போதாது. உடம்பில் அரித்தால் சொறியாமல் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள்.

சட்டங்களைப் புதுப்பித்தல்

‘ஐயா, தேக்குதானே உசத்தி, அதையே போடலாமா?’ன்னு கேட்பீர்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அதில் ரெசின் சரியாகப் பிடிக்காது. எண்ணெய் இல்லாத, நன்றாக உலர்ந்த மரமே நல்லது. இன்னொரு செய்தியும் தெரிந்து கொள்ளுங்கள். தளம் தாங்கும் சட்டத்தில் பலம் கொடுப்பது, கனமாகப் போட்டால், மேலே போர்த்திய பைபர் கூடுதான். உள்ளே இருப்பது உருவம் கொடுக்கிற அச்சு. அதனால் மரத்துக்குப் பதில் கெட்டி ஃபோமையோ, நீளவாக்கில் பாதியாக அறுத்த பி.வி.சி. குழாயையோ வைத்து மேலே பைபர் போர்த்தலாம், மக்குமென்ற பயம் இல்லை. ஆனால் என்ஜின் போல்ட் இறங்குகிற சட்டத்திலும் பின்பலகையிலும் மரமோ கெட்டிப் பிளைவுட்டோ இருந்தாக வேண்டும்.

சட்டத்தின் விளிம்பு அடி ஓட்டில் நேராக அழுத்தக் கூடாது. அழுத்துகிற இடத்தில் ஓடு வெடிக்கும். நடுவில் கொஞ்சம் பட்டி வைத்து உட்கார வையுங்கள். இரண்டு பக்க மூலையிலும் அதே பட்டியைத் தடவி விரலால் வழித்து வளைவாக்குங்கள். கூர்மூலையில் இழைப்பாய் மடங்கி, உள்ளே காற்று நின்றுவிடும்.

அதன் மேல் இழைப்பாய்த் துண்டுகளைப் போட வேண்டும். கடையில் இதை ‘மேட்’ என்பார்கள். முதல் துண்டு சட்டத்தின் மேலேறி, அடி ஓட்டில் இரண்டு பக்கமும் 2 அங்குலம் படியட்டும். அடுத்தது 3 அங்குலம், அதற்கடுத்தது 4 அங்குலம். இப்படிப் படிப்படியாக அகன்றால் பாரம் ஒரே இடத்தில் விழாது. ரெசினைப் பூசி, பாயை வைத்து, உருளையால் உருட்டி, வெள்ளை வெள்ளையாகத் தெரிகிற காற்றுக் குமிழியை எல்லாம் வெளியேற்றுங்கள். நன்றாக ஊறினால் பாய் கண்ணாடி போலத் தெளிந்துவிடும்.

வங்குகளின் அடியில் தண்ணீர் ஓடுகிற கண்ணை மறந்துவிடாதீர்கள். வயலில் வடிகால் எப்படியோ, படகில் இது அப்படி. ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் தாழ்ந்த இடத்தில் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு வைத்து, சுற்றிலும் ரெசின் அடைத்துவிட்டால், தண்ணீர் மரத்தில் படாமல் பின்புறம் ஓடிவிடும்.

ஃபோமும் தளமும்

மிதப்புக்குத் தெர்மோகோல் போட்டு அதன் மேல் ரெசின் பூசினால், பார்த்துக் கொண்டிருக்கும்போதே அது கரைந்து குழியாகிவிடும். பாலியூரித்தேன் ஃபோமை வாங்குங்கள், அதை இந்த ரெசின் கரைக்காது. அதையும் அடியில் ஒட்டவைக்காமல், கீழே தண்ணீர் ஓடும் வழி விட்டு, சற்று மேலே நிறுத்துங்கள்.

தளத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் கேட்டு வாங்குங்கள். ஐ.எஸ். 303 முத்திரை உள்ளது வீட்டுச் சாமான் வேலைக்கு உரியது, படகுக்குப் போதாது. அட்டை அளவு வைத்து வெட்டி, படகில் பொருத்திப் பார்த்து, வெளியே எடுத்து, அடிப்பக்கத்தில் ஒரு பாய் போட்டு இறுக விடுங்கள். வெட்டிய ஓரங்கள்தான் தண்ணீரை உறிஞ்சுகிற வாய். அங்கே இரண்டு மூன்று தடவை ரெசின் ஊட்டுங்கள். பிறகு பட்டி தடவிய சட்டங்களின் மேல் வைத்து அழுத்தி, மேல்பக்கம் இரண்டு பாய் போட்டு, பக்கச் சுவர் மேல் 3 அங்குலம் ஏறும்படி ஓரம் கட்டுங்கள்.

எவ்வளவு பொருள் வேண்டும்? தளம் 12 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் 60 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 5.6 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள பாய், மேலும் கீழுமாக மூன்று அடுக்கு. ஆக 7½ கிலோ பாய். பாயின் எடைபோல் இரண்டரை மடங்கு ரெசின், ஆக 19 கிலோ. அதற்குக் கேட்டலிஸ்ட் 300 மில்லிக்குள் அடங்கும். சட்டங்களுக்கும் ஓரக் கட்டுக்கும் சேதாரத்துக்கும் தனியாகக் கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். கணக்குப் போட்டு வாங்கினால் கடன் குறையும்.

காற்றுப் படுகிற இடத்தில் இந்த ரெசின் மேல்தோல் பிசுபிசுவென்றே இருக்கும். அதனால் கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகுக் கரைசல் கலந்து பூச வேண்டும். அது காய்வதற்குள் சலித்த, உப்பில்லாத உலர்ந்த மணலைத் தூவினால் கால் வழுக்காது. தளத்தில் திருகாணி அடிக்க வேண்டுமானால், பெரிய துளையாகப் போட்டு, பட்டியால் அடைத்து, இறுகிய பிறகு அதன் நடுவில் சின்னத் துளை போட்டு முடுக்குங்கள். திருகாணி மரத்தைத் தொடவே கூடாது.

முடிவாகச் சில வார்த்தை

வேலை முடிந்து ஒரு வாரம் இறுக விட்டு, கரையிலேயே அணியப் பக்கம் இரண்டு குடம் தண்ணீரைத் தளத்துக்குக் கீழே ஊற்றுங்கள். அது தங்காமல் பின்புறம் வந்து சேர்ந்தால் வடிகால் சரி. பிறகு ஆழமில்லாத தண்ணீரில் ஒரு நாள் மிதக்க விட்டுக் கசிவு பாருங்கள். அதற்குப் பிறகுதான் கடல்.

வெட்டி எடுத்த பழைய பைபரைக் கொளுத்தக் கூடாது, அந்தப் புகை நஞ்சு. தேய்த்த தூளைக் கடலிலோ மணலிலோ கொட்டாமல் சாக்கில் அள்ளிக் கட்டி, குப்பை எடுக்கிறவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.

படகு சும்மா கிடக்கிற நாளில் பின்புறம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்படி நிறுத்தி, வடிகால் அடைப்பைத் திறந்துவிட்டு, மேலே தார்ப்பாயோ கீற்றோ போட்டு மூடுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை சுத்தியல் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். தளத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே தேய்த்து அடையுங்கள். அரை நாள் கூலியில் முடிகிற வேலையை விட்டுவைத்தால்தான் இரண்டு மாத வேலையாகிறது.

படகு நம் வீட்டு ஆளை ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டு வந்து சேர்க்க வேண்டியது. வெளியே புதுப் பெயிண்ட் அடிக்கிற செலவுக்கு முன்னால் உள்ளே இருக்கிற சட்டத்துக்குச் செலவு செய்யுங்கள்.